கேர் ஆஃப் மணவாளன்

மனுஷன் என்று பிறந்தால் ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கத்தான் செய்யும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்தக் கம்பி மில்லில் வேலை பார்த்த முந்நூறு பேரில் பாதிப் பேருக்கு பிராந்தி பாட்டில் பைத்தியம். மீதிப் பேர் லாட்டரியை நிறுத்திவிட்டார்களே என்ற துக்கத்தில் இருந்தார்கள். டைம் ஆபீசில் உட்கார்ந்து ஆள் வருகை குறிக்கிற மணவாளனுக்கு இதெல்லாம் ஒன்றும் கிடையாது. பீடி கூடக் கிடையாது. அவனுக்கு இருந்தது கிரெடிட் கார்டு பைத்தியம். கார்டை வைத்துக்கொண்டு செலவு பண்ணுகிற பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். புதுக் கார்டு வாங்கினால் பேங்க்காரன் ஒரு பரிசு கொடுப்பான் பாருங்கள், அந்தப் பரிசை வாங்குகிற பைத்தியம். பரிசு கைக்கு வந்த மறுநாளே மில்லில் தகரம் வெட்டுகிற கத்தரியால் கார்டை நாலாக நறுக்கிக் குப்பையில் போட்டுவிடுவான்.

அது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில். பேங்குகள் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கார்டு கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரு சம்பளச் சீட்டு இருந்தால் போதும். சாராள் என்று ஒரு பெண், கார்டு பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட், வாரம் ஒரு நாள் மின்சார ரயிலில் வந்து இறங்கி மில் கேட்டில் குடையோடு நிற்பாள். மற்றவர்கள் அவளைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். மணவாளன் மட்டும் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, "இந்த மாசம் இன்னாமா குடுக்கறாங்க?" என்று கேட்பான்.

ஹாட் பேக் கொடுத்தார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எமர்ஜென்சி விளக்கு, இஸ்திரிப் பெட்டி, டின்னர் செட், ரேடியோ, எல்லாம் கொடுத்தார்கள். எதையும் பிரிக்க மாட்டான். அட்டைப் பெட்டியோடு பீரோ மேல் அடுக்கி, எந்த பேங்க், என்ன தேதி என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைப்பான். கரண்டு போன அன்றைக்கு அவன் பெண்டாட்டி ஹேமாவதி அந்த எமர்ஜென்சி விளக்கை எடுக்கப் போனபோது, "ஏன், மெழுகுவத்தி இல்லியா?" என்று கேட்ட புண்ணியவான்.

"யூஸ் பண்ணா அது வெறும் சாமானு. பிரிக்காம வெச்சா அது நம்ம ஜெயிச்சது" என்பான்.

"ஜெயிச்சதத் தொடச்சித் தொடச்சி என் கைதான் ஓஞ்சி போவுது" என்பாள் அவள்.

தேய்க்கக் கூடாது. அதுதான் மணவாளன் வைத்திருந்த ஒரே சட்டம். கடையில் மெஷினில் கார்டை ஒரே ஒரு தடவை தேய்த்துவிட்டாலும் நம் குடுமி பேங்க்காரன் கையில் என்று கேண்டீனில் பிரசங்கம் செய்வான். தேய்த்துவிட்டு வட்டி கட்டுகிறவர்களைப் பெயர் சொல்லிக் கிண்டல் பண்ணுவான். மெக்கானிக் ஒருத்தன் டிவி வாங்கி மாட்டிக்கொண்டதை ஆறு மாதம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். தேய்க்காத கார்டுக்கும் மாதா மாதம் பேங்கிலிருந்து ஒரு உறை வரும். உள்ளே பாக்கி பூஜ்யம் என்று இருக்கும். ஆரம்பத்தில் பிரித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் அதே பூஜ்யம். அப்புறம் உறையைப் பிரிப்பதையே விட்டுவிட்டான். ஹேமாவதி பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி எடைக்குப் போடுவாள்.

தன் பேரில் வாங்க இனி பேங்க் பாக்கியில்லை என்று ஆனதும், மற்றவர்களைச் சேர்த்துவிட ஆரம்பித்தான். ஒரு ஆளைச் சேர்த்துவிட்டால் சேர்ந்தவனுக்கும் பரிசு, சேர்த்தவனுக்கும் பரிசு. அதில் ஒரு சிக்கல் இருந்தது. பேங்க்காரன் ஆள் அனுப்பி வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் கார்டு கொடுப்பான், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி அவன் ஆள் வர மாட்டான். ஆரம்பாக்கத்திலிருந்தும் ஊத்துக்கோட்டைப் பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு விலாசத்திலேயே அடிபட்டுப் போகும். மணவாளனா விடுவான்? எல்லோருக்கும் தன் வீட்டு விலாசத்தையே எழுதினான். கேர் ஆஃப் மணவாளன். பார்க்க வந்த ஆளிடம் ஹேமாவதி, "ஆமா, மாடியில குடியிருக்காரு, ஷிப்டுக்குப் போய்க்கிறாரு" என்று சொல்ல வேண்டும். மாடி என்று அந்த வீட்டுக்கு ஒன்று கிடையவே கிடையாது. போன் நம்பர் என்று டைம் ஆபீஸ் நம்பரைக் கொடுப்பான். பேங்கிலிருந்து விசாரித்தால் எடுத்துப் பேசுகிறவனும் அவனே. இப்படி ஐந்து பேர் அவன் வீட்டில் காகிதத்தில் குடியிருந்தார்கள்.

அதில் ஒருத்தன் தாஹா.

தாஹா மில்லில் கிரேன் ஓட்டுகிறவன். காண்டிராக்ட் ஆள். ஊர் பழவேற்காடு. தினமும் பழைய மொபெட்டில் பொன்னேரி வழியாக வந்து போவான். மணவாளனைவிடப் பத்து வயது சின்னவன், வாய் திறந்து பேசுவது குறைவு. மத்தியானம் மீன் குழம்பு கொண்டுவந்தால் மணவாளனின் டிபன் பாக்ஸ் மூடியில் பாதியைப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட உட்காருவான். அவனுக்குக் கார்டில் ஆசையே இல்லை.

"எனக்கு இன்னாத்துக்குணா அதெல்லாம்? வட்டி சமாசாரம், எங்க ஊட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"தேய்ச்சாதாண்டா வட்டி. நீ தேய்க்கவே போறதில்ல. கையெழுத்துப் போடு, பரிச வாங்கு, கத்தரி எங்கிட்ட கீது."

அந்த மாதம் ஆள் சேர்த்துவிடுகிறவனுக்குச் சக்கரம் வைத்த பெட்டி கொடுத்தார்கள். அந்தப் பெட்டிக்காக மணவாளன் ஒரு வாரம் தாஹாவின் பின்னாலேயே நடந்தான். தொல்லை தாங்காமல் தாஹா கையெழுத்துப் போட்டான். பெட்டி பீரோ மேல் ஏறியது. கார்டு வந்ததும் நறுக்கிவிடச் சொன்னான். தாஹா, சரிணா, என்றான். நறுக்கினானா என்று மணவாளன் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஏழு, மார்ச் மாதம் பன்னிரண்டாம் தேதி, காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த தாஹாவைக் கவரைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஹைவேயில் ஒரு லாரி அடித்துப் போட்டுவிட்டுப் போனது. எந்த லாரி, எந்த ஊர் வண்டி என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. மில்லில் கேட்டதற்கு, கேட்டுக்கு வெளியே நடந்ததற்குப் பொறுப்பில்லை என்றார்கள். காண்டிராக்டர் பத்தாயிரம் ரூபாயைக் கொடுத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். முப்பத்தாறு வயது. இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் ரமீஸா ஒன்பதாவது. அடக்கத்துக்குப் பழவேற்காடு போன மணவாளன், திரும்பி வருகிற பஸ்ஸில் வாய்விட்டு அழுதான்.

மூன்று வாரம் கழித்து மில்லில் எல்லோரிடமும் வசூல் பண்ணிய ஏழாயிரம் ரூபாயை எடுத்துக்கொண்டு அவன் மறுபடியும் போனான். தாஹாவின் மனைவி ஜபீன் இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தானால் நாலு மாதம் பத்து நாள் பெண்கள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை, அந்நிய ஆண்களின் முன்னால் நிற்பதும் இல்லை. வாசல் அறையில் மணவாளன் நாற்காலியில் உட்கார்ந்தான். உள் அறைக் கதவில் பச்சைத் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் அவள். தாஹாவின் தம்பி ரஃபி, நண்டு வியாபாரம் பார்க்கிறவன், எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"வாடக நான் ரெண்டு மாசம் குடுத்துப் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாதுணா, எனக்கும் மூணு புள்ளைங்க கீது" என்றான் ரஃபி. "ரமீஸாவ இந்த வருஷத்தோட நிறுத்திட வேண்டியதுதான். நண்டு கம்பெனில பொம்பளப் புள்ளைங்கள எடுக்கறாங்க. தினக்கூலி. வேற வழி தெரியல."

ரமீஸா காபி டம்ளரை மணவாளன் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். சித்தப்பா சொன்னது அவள் காதில் விழாமல் இல்லை.

மணவாளன் பொறுக்க மாட்டாமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். அவனுக்கு மூன்று வாரமாக அதே நினைப்புதான். கார்டோடு வருகிற சின்னப் புத்தகத்தை அவன் எழுத்து விடாமல் படித்தவன். கார்டு வைத்திருக்கிறவர் சாலை விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இரண்டு லட்சம், இலவசக் காப்பீடு. ஆனால் கார்டை ஒரு தடவையாவது உபயோகித்திருக்க வேண்டும். தாஹாவைத் தேய்க்காதே தேய்க்காதே என்று ஓதியது யார்? இதே வாய்தான்.

"அந்தக் கார்ட ஒரே ஒரு தபா தேய்ச்சிருந்தா ரெண்டு லட்சம் வந்திருக்கும் ரஃபி. பாவி, நாந்தான் வேணாம்னேன்."

திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தேய்ச்சாரேண்ணா."

மணவாளன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"போன நோன்புக்கு முன்னாடி திருவள்ளூர்ல எங்க சொந்தத்துல ஒரு கல்யாணம். கடைக்குப் போனோம். மொத தபா தேய்க்கறதுக்கு ஐந்நூறு ரூபா வரைக்கும் பேங்கே கட்டிடும்னு நோட்டீசுல போட்டிருந்துச்சாம். அதனால ஐந்நூறுக்குள்ள தேடித் தேடி ஒரு பொடவ எடுத்தோம். நானூத்தித் தொண்ணூத்தஞ்சி. உங்ககிட்ட சொல்லாதன்னாரு. நீங்க கேண்டீன்ல வெச்சி மானத்த வாங்கிடுவீங்களாம்."

அவள் சொன்னதில் கடைசி வார்த்தை மணவாளனுக்குக் காதில் ஏறவே இல்லை. தேய்த்திருக்கிறான். இரண்டு லட்சம். எழுந்து நின்றுவிட்டான். கார்டு தாஹாவின் பர்சிலேயே இருந்தது, போலீஸ் கொடுத்த பொருள்களோடு. ரஃபி எடுத்துவந்து காட்டினான்.

"புள்ளய நிறுத்தாதீங்க" என்றான் மணவாளன். "ரமீஸா, நீ பத்தாவது படிக்கறே. நான் சொல்றேன். இந்தப் பணம் வந்தே தீரும். இந்த விஷயத்துல பேங்குக்கே தண்ணி காட்டினவன் நான்."

அந்தப் பெண் சிரித்தாள். வாப்பா போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று ரஃபி வாசல் வரை வந்து சொன்னான்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு ஊத்துக்கோட்டையில் பஸ் மாறித் திருவள்ளூர் போனான். அந்த ஜவுளிக் கடையைக் கண்டுபிடித்து, கேஷியரைக் கெஞ்சி, பழைய சீட்டுக் கட்டுகளைப் பிரிக்க வைத்தான். செப்டம்பர் மாதக் கட்டில் அந்தச் சீட்டு கிடைத்தது. ரூபாய் நானூற்றுத் தொண்ணூற்றைந்து. கீழே தாஹாவின் கையெழுத்து. டைம் ஆபீஸ் ரெஜிஸ்டரில் தினமும் பார்த்த அதே குண்டு எழுத்து, ஹாவுக்கு மேலே ஒரு சுழி அதிகம். அதை ஜெராக்ஸ் எடுக்கும்போது மணவாளனுக்குக் கண் கலங்கியது. வெளியே வந்து சமோசா வாங்கித் தின்றான். ரொம்ப நாள் கழித்து வயிறு பசித்தது.

திரும்பி வரும்போது, பஸ் பூண்டி ஏரிப் பக்கம் வளைகிற இடத்தில், அவனுக்குச் சுருக்கென்றது. அந்த ஐந்நூறு ரூபாய்ச் சலுகைக்குக் கீழே எறும்பு எழுத்தில் ஒரு வரி உண்டு. ஐயாயிரத்துக்கு மேல் வாங்கினால்தான் செல்லும். அவன் அதைப் படித்தவன். தேய்க்கப் போகாதவனுக்கு எதற்கு என்று தாஹாவிடம் சொல்லவில்லை. அப்படியானால் அந்தப் புடவைக் காசு பாக்கி நிற்கிறது. பில் வந்திருக்கும். எந்த விலாசத்துக்கு வந்திருக்கும்? சரி, இரண்டு லட்சத்தில் ஆயிரமோ ஐந்நூறோ பிடித்துக்கொள்வார்கள், போகட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்தான். வீட்டுக்குப் போய்ப் பழைய பேப்பர் கட்டைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

எஃப்ஐஆர் நகல், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசு சான்றிதழ் என்று ஏப்ரல் மாதம் முழுக்க அலைந்தான். எந்த ஆபீசில் எந்த பியூனுக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு அத்துப்படி. எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்துக் கூரியரில் அனுப்பினான். வாரம் ஒரு தடவை ரஃபிக்குப் போன் பண்ணி, வந்துடும், வந்துடும், என்றான். மே மாதம் பன்னிரண்டாம் தேதி டைம் ஆபீஸ் போன் அடித்தது. பேங்கிலிருந்து ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினாள்.

"சாரி சார். அந்த அக்கவுண்ட் பிப்ரவரி பதினாறாம் தேதியே க்ளோஸ் ஆயிடுச்சி. பணம் கட்டல. க்ளோஸ் ஆன அக்கவுண்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது சார்."

"ஆக்சிடெண்ட் மார்ச் பன்னெண்டும்மா. இருபத்திநாலு நாளுதான வித்தியாசம்."

"புரியுது சார். ஆனா அக்டோபர்லேந்து ஸ்டேட்மென்ட் அனுப்பியிருக்கோம். நோட்டீசும் அனுப்பியிருக்கோம். இந்த நம்பருக்கு ஜனவரில மூணு தடவ போன் பண்ணியிருக்கோம். அப்படி யாரும் இல்லன்னு சொல்லி வெச்சிட்டாங்கன்னு ரெக்கார்டுல இருக்கு. மொத்த பாக்கி ஆயிரத்து அறுநூத்தி பன்னெண்டு சார்."

அந்த போன்கள் மணவாளனுக்கு ஞாபகம் இருந்தன. லோன் விற்கிறவர்கள் தொல்லை என்று நினைத்து, யார் பேரைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லி போனை வைத்துக்கொண்டிருந்தான். அதில் அவனுக்கு ஒரு பெருமை வேறு.

வீட்டுக்கு வந்ததும் பரணுக்குக் கீழே கட்டி வைத்திருந்த பழைய பேப்பரை இழுத்துப் போட்டு அவிழ்த்தான். எடைக்காரன் பொங்கலுக்கு முன்னால் வந்துவிட்டுப் போனவன், அதற்குப் பிறகு வரவில்லை. அதனால் இரண்டு உறைகள் மிச்சம் இருந்தன. பி. தாஹா, கேர் ஆஃப் மணவாளன். ஒன்று வழக்கமான பில். இன்னொன்று ஜனவரி இருபத்து நாலாம் தேதி போட்ட நோட்டீஸ். பிப்ரவரி பதினைந்துக்குள் பாக்கியைக் கட்டாவிட்டால் கணக்கு மூடப்படும், காப்பீடு உட்பட எல்லாச் சலுகையும் ரத்தாகும் என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. எறும்பு எழுத்தில் இல்லை. கண் தெரியாதவன் கூடப் படிக்கலாம், பிரித்திருந்தால்.

ஹேமாவதி எட்டிப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நீங்கதான குப்பைன்னு சொன்னீங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பேங்குல முடியாதுன்னுட்டாங்கன்னு மட்டும் சொல்லிட்டு வந்துடுங்க. அது பொய்யில்லியே" என்றாள்.

பொய்யில்லைதான். இரண்டு நாள் மணவாளன் அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். மூன்றாம் நாள் அதைச் சொல்லிவிட்டு வருவதென்று முடிவு பண்ணிக்கொண்டு பழவேற்காடு பஸ் ஏறினான். தாஹா மண்ணுக்குள் போய் இரண்டு மாதம் முடிந்திருந்தது. ரஃபி நண்டு லோடு ஏற்றப் போயிருந்தான். சின்னவள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். ரமீஸா தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அதே நாற்காலி. அதே பச்சைத் திரை.

"இன்னா சொன்னாங்கண்ணா?"

"இல்லன்னுட்டாங்கம்மா. கணக்க முன்னாடியே மூடிட்டாங்களாம்."

"ஏன்?"

"பொடவக் காசு கட்டல. அதான்."

திரைக்குப் பின்னால் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அத நாந்தாண்ணா கேட்டேன். அவருக்கு இஷ்டமே இல்ல. கல்யாணத்துக்கு எல்லாரும் புதுசு கட்டிக்கினு வருவாங்கன்னு நாந்தான் ரெண்டு நாளு மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு இருந்தேன். கார்டு ஒண்ணு சும்மாதான கீது, தேய்ச்சா இன்னான்னு கேட்டதும் நாந்தான். எம் புள்ளைங்க சோத்துல நானே மண்ணப் போட்டுட்டேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுவது தெரிந்தது. மணவாளன் எழுந்துவிடலாம். சொல்ல வந்ததைச் சொல்லியாகிவிட்டது. அவள் தன்மேலேயே பழியைப் போட்டுக்கொண்டாள், ஆயுசு முழுக்க அதைச் சுமப்பாள், ஒருத்தரும் அவனை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. செருப்பு வாசலில்தான் கிடந்தது. ஆனால் கால் வரவில்லை. இத்தனை நாள் சாமர்த்தியம் எல்லாம் வந்து நின்ற இடம் இதுவா என்று அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"நீ இல்லம்மா" என்றான். "பில்லு வந்துச்சி. அஞ்சாறு கடுதாசி வந்துச்சி. எல்லாம் என் ஊட்டுக்குத்தான் வந்துச்சி. நான் பிரிக்கல."

"பிரிக்கலன்னா?"

"பிரிச்சிப் பாக்கல. குப்பைன்னு எடைக்குப் போட்டுட்டேன். போன் பண்ணாங்க. தாஹான்னு யாரும் இல்லன்னு நாந்தான் சொன்னேன்."

அழுகை நின்றுவிட்டது. மறுபடி பேசியபோது அவள் குரலில் ஈரமே இல்லை.

"பில்லு கில்லு வந்துடப் போவுதுன்னு அன்னிக்கே அவருகிட்ட கேட்டேன். வந்தா மணவாளண்ணன் சொல்லுவாரு, அவருக்குத் தெரியாததா அப்டின்னாரு."

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எவ்ளோ கடன்?"

"அது இப்ப இன்னாத்துக்கும்மா?"

"எவ்ளோ?"

"ஆயிரத்து அறுநூத்தி பன்னெண்டு."

"அடக்கத்துக்கு முன்னாடி ரஃபி எல்லாரையும் பாத்துக் கேட்டாரு. மவுத்தானவரு மேல யாருக்குனா கடன் இருந்தா சொல்லுங்க, நான் கட்டறேன்னு. கடனோட ஒருத்தர மண்ணுல வெக்கக் கூடாது எங்கள்ல. நீங்க அங்கதான நின்னுக்கினு இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஒண்ணும் சொல்லல."

"எனக்குத் தெரியாதும்மா."

"உங்க ஊட்லதான இருந்துச்சி."

மணவாளன் நாற்காலியைவிட்டு எழுந்தான்.

"அறுபத்திரெண்டு நாளா அவரு கடனோட படுத்துக்கினு கிறாரு" என்றாள். "நான் தெனம் அவருக்காக ஓதறேன். கடன் கீதுன்னு தெரியாமயே ஓதிக்கினு கிறேன்."

"நான் கட்டிடறேன்மா. இன்னிக்கே போயி கட்டறேன்."

"உங்க காசு வேணாம்."

உள்ளே தகரப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அந்த நேரத்தில் ரமீஸா குடத்தோடு உள்ளே வந்தாள். மணவாளனைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. ஜபீன் அவளை உள்ளே கூப்பிட்டாள். அவள் குடத்தை இறக்கி வைக்கப் பின்கட்டுக்குப் போனாள். பிறகு ஜபீனின் குரல் மட்டும் வந்தது.

"புள்ளகிட்ட குடுத்து அனுப்பறேன். கட்டிட்டு ரசீத ரஃபிகிட்ட குடுத்துடுங்க. இங்க வர வேணாம். ரமீஸாகிட்ட மட்டும் நீங்களே சொல்லிட்டுப் போங்கண்ணா. ஸ்கூலு உண்டுன்னு சொன்னது நீங்கதான். நான் சொல்ல மாட்டேன்."

ரமீஸா நோட்டுகளைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். ஈரக் கை. பெரும்பாலும் பத்து ரூபாய் நோட்டுகள். அம்மா சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லை, பணம் சம்பந்தமாக ஏதோ நல்ல சேதி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பத்தாவதுக்கு லீவுலயே ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பிக்கறாங்க. நாளைக்குக் கடைசி நாளு. பேரு குடுத்துடட்டா?"

மணவாளன் திரையைப் பார்த்தான்.

"குடுக்காதம்மா" என்றான்.

"ஏன் மாமா?"

அவன் நாற்காலியில் மறுபடியும் உட்கார்ந்தான். சக்கரம் வைத்த பெட்டிக்காகத் தாஹாவின் பின்னால் ஒரு வாரம் நடந்ததிலிருந்து ஒவ்வொன்றாக அந்தப் பெண்ணிடம் சொல்ல ஆரம்பித்தான்.